இரண்டு டிடெக்டரும் ஒன்றாகத் துடித்தால்

அணுஉலை இரைச்சல் அளவீட்டுக்குப் புதிதாக வருபவர்களிடம் முதல் வாரமே சொல்லிவிடுவேன்: இரண்டு நியூட்ரான் டிடெக்டர்களுக்கு இடையே ஒட்டுறவு தெரிந்ததும், "காரணம் உலைக்குள்தான்" என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

நாம் தேடும் உறவு பிளவுச் சங்கிலியிலிருந்து வருவது. ஒரு யுரேனியம்-235 பிளவில் சராசரியாக 2.4 நியூட்ரான்கள் பிறக்கின்றன. ஒரே சங்கிலியில் வந்த இரண்டு, ஆளுக்கொரு டிடெக்டரில் விழுந்தால் அது அசல். ரோஸி-ஆல்ஃபா, ஃபெய்ன்மன்-ஆல்ஃபா முறைகள் இரண்டும் இதை நம்பித்தான் நிற்கின்றன.

போலி உறவு எப்படி வரும்? நான் சேர்ந்த புதிதில் எடுத்த ஒட்டுறவு வரைபடத்தில் அழகான மேடுகள், வரிசையாக. மகிழ்ச்சியோடு மூத்தவரிடம் காட்டினேன். அவர் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, மேட்டுக்கு மேடு எவ்வளவு?" என்றார். 20 மில்லிவிநாடி. 50 ஹெர்ட்ஸ் கரண்ட்! நியூட்ரான் சோர்ஸை எடுத்து பாரஃபின் கவசத்துக்குள் வைத்த பிறகும், மிச்சமிருந்த துடிப்புகளில் மேடு அப்படியே நின்றது. இரண்டு ப்ரீஆம்ப்களுக்கும் தனித்தனி இடத்தில் எர்த் கொடுத்திருந்தேன். ஒரே இடத்துக்கு மாற்றியதும் மேடு போய்விட்டது.

அதனால் உலைப் பக்கம் போகுமுன் ஒரு சோதனை. அமெரிசியம்-பெரிலியம் சோர்ஸ் பெரும்பாலும் நியூட்ரான்களை ஒவ்வொன்றாகவே விடும். பிளவுறும் பொருள் இல்லாத அறையில் அதை வைத்து எண்ணுங்கள். பரவற்படியைச் சராசரியால் வகுத்தால் 1 வரவேண்டும். கூடினால் கேபிள், பொதுவான உயர் மின்னழுத்த (ஹெச்.வி.) சப்ளை, ஒரு துடிப்பை இரண்டாக எண்ணும் சர்க்யூட் என்று தேடுங்கள். குறைந்தால் டெட் டைம், அதாவது ஒரு துடிப்புக்குப் பின் அடுத்ததை எண்ண முடியாத நேரம்: விநாடிக்கு 10,000 எண்ணிக்கையில் 1 மைக்ரோவிநாடி டெட் டைமே சுமார் 2% இறக்கிவிடும். கலிஃபோர்னியம்-252 இதற்கு உதவாது. ஒரு பிளவுக்குச் சராசரி 3.76 நியூட்ரான்களைச் சேர்ந்தே விடுகிறது, சோர்ஸே ஒட்டுறவோடு வருகிறது.

சிண்டிலேட்டரில் இன்னொரு தொல்லை உண்டு. ஒரே நியூட்ரான் ஒன்றில் மோதிச் சிதறி, பக்கத்து டிடெக்டரிலும் பதிவாகும். நடுவே பாலித்தீன் வையுங்கள்.

மின் உற்பத்தி செய்யும் அணுஉலையில் துடிப்புகளின் கட்டத்தையும் (phase) பாருங்கள். அழுத்தநீர் உலையில் கோர் பீப்பாய் பக்கவாட்டில் ஆடினால் எதிரெதிர் டிடெக்டர்கள் எதிர்க்கட்டத்தில் துடிக்கும். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும். ஒரே பவர் சப்ளையின் இரைச்சல் பொதுவாக இரண்டையும் சேர்த்தே ஏற்றி இறக்கும்.

எந்த டிடெக்டர் எந்த ஹெச்.வி. சாக்கெட்டில், எந்த எர்த்தில் இருந்தது என்பதை அன்றன்றே நோட்டில் எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து டேட்டாவைத் திறக்கும்போது முதலில் தேடுவது அந்தப் பக்கத்தைத்தான்.