திருமழிசையில் மந்திரம் போட ஒரு ஜோடி தாயக்கட்டை போதும்

மந்திர விளையாட்டு என்றதும் பிள்ளைகள் கையை நீட்டி நெருப்புருண்டை எறிகிறார்கள். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் கொண்டுவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' போட்ட பாதை அது. அதன் பழைய பதிப்புகளில் மந்திரவாதி மந்திரத்தை முன்கூட்டியே நெட்டுருப் போட வேண்டியிருந்தது. ஒருமுறை பிரயோகித்தால் மறந்துபோய்விடும். நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். பூந்தமல்லி தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கும் திருமழிசைக்குப் போனால் போதும். அங்கே அவதரித்த ஆழ்வாரைப் பற்றி வைணவ குருபரம்பரை சொல்லும் கதைகளில் ஒரு மந்திர உலகம் சட்டதிட்டத்தோடு தயாராக இருக்கிறது. அதை ஞாயிற்றுக்கிழமை மதியம் நாலைந்து பேர் ஆடும்படி அமைப்பது எப்படி என்று பார்ப்போம்.

தேவையானவை: ஒரு ஜோடி தாயக்கட்டை, ஆளுக்கு 12 புளியங்கொட்டை, ஒரு நோட்டு, கையால் வரைந்த ஊர்ப்படம். ஒருவர் கதைசொல்லி, மற்றவர்கள் பாத்திரங்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் மந்திரத்தால் ஆகாதவற்றை எழுதுங்கள். ஆழ்வார் கந்தல் தைத்துக்கொண்டிருக்கிறார். பார்வதியோடு காளைமேல் வந்த சிவபெருமான், என்ன வரம் வேண்டும் என்கிறார். மோட்சம் தர முடியுமா? முடியாது. சாகும் நாளைத் தள்ளிப்போட முடியுமா? அது வினைப்படிதான். அப்படியானால் இந்த ஊசிக்குப் பின்னால் நூல் வரட்டும் என்கிறார் ஆழ்வார். (வைணவர் சொல்லும் கதை இது. சைவர்கள் ஒப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. அதே ஊரில் ஒத்தாண்டீஸ்வரர் கோயிலும் இருக்கிறது.) ஆகவே, வீடுபேறு தருவதும் விதித்த நாளை மாற்றுவதும் ஆட்டத்தில் கிடையாது. இந்த வேலியைப் போடாமல் தொடங்கினால் அரைமணி நேரத்தில் ஒருவன் எல்லாவற்றையும் ஜெயித்துவிட்டு எழுந்து போவான்.

அடுத்து, ஒவ்வொருவரும் தன் சக்தி எங்கிருந்து வருகிறது என்று முடிவு செய்யட்டும். குளிகை, சித்தி, சொல் என்று மூன்று வழி. குளிகைக்காரர் கட்டை உருட்ட வேண்டாம், பலன் நிச்சயம்; ஆனால் குளிகை திருடு போகும், தீர்ந்தும் போகும். இரும்பைப் பொன்னாக்கும் குளிகையைக் கொங்கணச் சித்தர் பெருமையாக நீட்ட, ஆழ்வார் தன் உடம்பு அழுக்கை உருட்டிக் கொடுத்தார், அதுவும் பொன்னாக்கியது என்பது கதை. குளிகையை நம்பியவன் ஒருநாள் இப்படி அசடு வழிய வேண்டியிருக்கும்.

சித்திக்காரருக்குப் புளியங்கொட்டைதான் மூச்சு. எட்டுச் சித்திகளில் அணிமா (சிறிதாதல்), மகிமா (பெரிதாதல்), லகிமா (லேசாதல்), கரிமா (கனமாதல்) நான்கை மட்டும் முதலில் கொடுங்கள். ஈசத்துவம், வசித்துவம் போன்றவற்றைப் புதியவர் கையில் கொடுத்தால் கதைசொல்லிக்கு வேலையே இருக்காது. சின்ன காரியத்துக்கு 1 கொட்டை, நடுத்தரத்துக்கு 2, பெரியதுக்கு 4. சிட்கோ தொழிற்பேட்டை வாசலில் நிற்கும் லாரியைத் தாண்டிக் குதிக்க லகிமா 1 கொட்டை. ஜெகந்நாதப் பெருமாள் கோயில் கோபுரத்துக்கு மேலே பறக்க 4. ஊருக்குள் கரிமா மட்டும் பாதி விலை. உலகம் முழுவதையும் ஒரு தட்டிலும் திருமழிசையை ஒரு தட்டிலும் வைத்தபோது திருமழிசைத் தட்டுதான் தாழ்ந்தது என்கிறது தலபுராணம். மகீசாரம் என்ற பெயரும் அதனால்தான்.

கொட்டையைக் கொடுத்தபின் கட்டையை உருட்டுங்கள். ஒரு கட்டையில் 0, 1, 2, 3 என நான்கு முகம். இரண்டும் சேர்ந்தால் 16 விதமாக விழும். 4, 5, 6 விழுந்தால் மந்திரம் பலிக்கும். அதற்கு 16-இல் 6 வாய்ப்பு. 3 விழுந்தால் (4 வாய்ப்பு) பலிக்கும், ஆனால் ஏதோ ஒரு கோணலோடு: பறப்பீர்கள், இறங்கத் தெரியாது. 2 என்றால் (3 வாய்ப்பு) வீண். தாயம், அதாவது 1, விழுந்தால் (2 வாய்ப்பு) முழுப் பலன், கொடுத்த கொட்டையும் திரும்பி வரும். இரண்டும் வெறுமையாக விழுவது, அதாவது பன்னிரண்டு, 16-இல் ஒரே ஒரு முறைதான். அப்போது மந்திரம் சொன்னவர் மேலேயே திரும்பும். பன்னிரண்டு விழுந்தால் துள்ளும் தாயக்காரர்கள் இதற்குச் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

சண்டைக்குத் தனி விதி ஒன்று போதும். அந்த ஊசிப் பதிலில் கோபம் கொண்டு சிவன் நெற்றிக்கண்ணைத் திறக்க ஆழ்வார் கால்விரல் கண்ணைத் திறந்தார். அடுத்து மழை வெள்ளம் வந்தபோது அசையாமல் இருந்தார். அதேபோல எதிரியின் சித்தியை அதே சித்தியால் தடுக்கலாம். ஆடாமல் உட்கார்ந்து தாங்குகிறேன் என்பவருக்குச் செலவு பாதி, ஆனால் அந்தச் சுற்றில் அவர் வேறெதுவும் செய்யக் கூடாது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. சொல்காரருக்குக் கொட்டையும் இல்லை, கட்டையும் இல்லை. ஆட்டத்துக்கு ஒரே ஒரு முறை, தனக்காக அல்லாமல் இன்னொருவருக்காக ஒரு வாக்கியம் சொல்லலாம்; அது நடந்தே தீரும். சொன்னதைத் திரும்பப் பெற முடியாது.

அதன் பின்விளைவைக் கதைசொல்லி எழுதி வைக்க வேண்டும். காஞ்சியில் தனக்குத் தொண்டு செய்த கிழவிக்கு ஆழ்வார் இளமையைத் தந்தார். அவளைப் பல்லவ மன்னன் மணந்தான். அவனுக்கும் இளமை வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆழ்வாரின் சீடர் கணிகண்ணன் இணங்காததால் ஊரைவிட்டுத் துரத்தினான். சீடரோடு ஆழ்வார் கிளம்ப, ஆழ்வார் சொல் கேட்டுப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒரு சின்ன இரக்கம் ஊரையே காலி செய்துவிட்டது. உங்கள் ஆட்டத்திலும் இன்று பலித்த பெரிய மந்திரம்தான் அடுத்த ஞாயிறு கதையின் தொடக்கம்.

கடைசியாக ஊர்ப்படத்தை எடுத்து, அந்த மந்திரம் பலித்த இடத்துக்கு ஒரு புதுப்பெயர் எழுதுங்கள். கணிகண்ணனோடும் பெருமாளோடும் ஆழ்வார் தங்கிய அந்த ஓர் இரவின் இருக்கைதான் ஓரிக்கை ஆயிற்று என்பார்கள். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இன்றும் அதே பெயரில் இருக்கிறது.