வேலையும் திறனும்: கடைசியாக ஓடுபவரும் வீரரே

காலை நேரத்தில் மதுரை ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் சிறிது நேரம் நின்று பாருங்கள். புத்தகப் பை தோளில் ஆட, புறப்பட இருக்கும் பேருந்தை நோக்கி ஒரு மாணவன் ஓடி வருவான். ஏறி அமர்ந்ததும் மூச்சு வாங்கும். நெற்றியில் வியர்வை துளிர்க்கும். "தம்பி, நீ ஓட்டக்காரனா?" என்று அவனைக் கேட்டால், "எனக்கு விளையாட்டெல்லாம் வராது சார்" என்பான். உடற்பயிற்சி வகுப்பில் மரத்தடியில் ஒதுங்கி நிற்கும் பலரும் இதையேதான் சொல்கிறார்கள். இது சரியா? உங்கள் இயற்பியல் பாடத்தைக் கொண்டே ஆராய்வோம்.

மாடிப்படியில் ஒரு கணக்கு

50 கிலோகிராம் நிறையுள்ள இரண்டு மாணவர்கள் 6 மீட்டர் உயரம் மாடிப்படி ஏறுகிறார்கள் எனக் கொள்வோம். ஒருவருக்கு 12 நொடி ஆகிறது. மற்றவருக்கு 24 நொடி. புவியீர்ப்பை எதிர்த்து ஒவ்வொருவரும் செய்த வேலை எவ்வளவு?

வேலை = நிறை × புவியீர்ப்பு முடுக்கம் × உயரம்
= 50 × 9.8 × 6 = 2,940 ஜூல்

இருவருக்கும் விடை ஒன்றே. சூத்திரத்தில் காலத்துக்கு இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். வேலையைக் காலத்தால் வகுக்கும்போதுதான் வேறுபாடு தோன்றுகிறது. முதலாமவரின் திறன் 245 வாட். இரண்டாமவரின் திறன் 122.5 வாட்.

அன்றாடப் பேச்சில் 'திறன்' என்றால் திறமை என்று பொருள் கொள்கிறோம். இயற்பியலில் அது வேலை செய்யும் வீதம் மட்டுமே. மெதுவாக ஏறியவருக்குத் திறன் குறைவு. ஆனால் அவர் செய்த வேலை ஒரு ஜூல்கூடக் குறையவில்லை.

ஓட்டத்தில் என்ன நடக்கிறது?

ஓட்டத்திலும் ஏறத்தாழ இதே நிலைதான். இத்தாலிய உடலியல் அறிஞர் மார்கரியாவும் அவருடைய குழுவினரும் 1963-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு வியப்பான உண்மையைக் காட்டியது. சமதளத்தில் ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றல், ஒரு கிலோகிராம் எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்கு, சுமார் ஒரு கிலோகலோரி. வேகம் கூடினாலும் குறைந்தாலும் இந்த அளவு அதிகம் மாறுவதில்லை.

ஆகவே 50 கிலோகிராம் எடையுள்ள ஒருவர் 400 மீட்டர் ஓடுபாதையை ஐந்து முறை சுற்றி வந்தால், அதாவது 2 கிலோமீட்டர் ஓடினால், சுமார் 100 கிலோகலோரி செலவாகும். அதை 10 நிமிடத்தில் முடித்தாலும் 15 நிமிடத்தில் முடித்தாலும் செலவு ஏறக்குறைய அவ்வளவே.

தொடர்ந்து ஓடினால் உடல் மாறுகிறது. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. ஓய்வு நேர நாடித்துடிப்பு குறைகிறது. தசைகளில் இரத்த நுண்குழாய்களும், செல்களுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாக்களும் பெருகுகின்றன. இந்த மாற்றங்கள் முதலில் வருபவருக்கு மட்டும் உரியவை அல்ல. தன் வழக்கமான அளவுக்குச் சற்று மேலே உழைக்கும் எந்த உடலிலும் இவை நிகழும்.

சக்கிமங்கலத்திலிருந்து டோக்கியோவுக்கு

மதுரையை அடுத்த சக்கிமங்கலத்தைச் சேர்ந்தவர் ரேவதி வீரமணி. சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவரைக் கூலி வேலை செய்து வளர்த்தவர் பாட்டி. பள்ளி நாள்களில் காலணி இல்லாமல் ஓடிய அவரை இனங்கண்டு பயிற்சி அளித்தவர் பயிற்சியாளர் கண்ணன். 2021 ஜூலையில் பாட்டியாலாவில் நடந்த தேர்வுப் போட்டியில் ரேவதி 400 மீட்டரை 53.55 நொடியில் ஓடினார். அதாவது நொடிக்கு 7.47 மீட்டர். அம்மாதமே டோக்கியோ ஒலிம்பிக்கில் 4 × 400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்டத்தில் இந்தியாவுக்காக ஓடினார்.

அதே ஒலிம்பிக்கில் மகளிர் 400 மீட்டரில் தங்கம் வென்ற பஹாமாஸ் வீராங்கனை ஷானே மில்லர்-உய்போ எடுத்துக்கொண்ட நேரம் 48.36 நொடி, நொடிக்கு 8.27 மீட்டர். ரேவதி இடம்பெற்ற இந்திய அணியோ தன் தகுதிச் சுற்றில் எட்டாவதாக வந்தது. அதனால் அவர் வீராங்கனை இல்லை என்று யாராவது சொல்வோமா? மிக வேகமானவர் மட்டுமே வீரர் என்றால், உலகத்தில் ஒவ்வொரு போட்டிக்கும் ஒரே ஒரு வீரர்தான் மிஞ்சுவார்!

பதக்கமும் அணித் தேர்வும் திறனைப் பொறுத்தவை. அங்கே நொடிகளுக்குத்தான் மதிப்பு. ஆனால் ஓடுபாதையில் இறங்க எந்தத் தேர்வும் இல்லை. சக்கிமங்கலத்துச் சிறுமியும் ஒலிம்பிக்கில் ஓடிவிட்டுப் பயிற்சியைத் தொடங்கவில்லை. முதலில் ஓடினார், மற்றவை பிறகு வந்தன. 'நான் வீரன்' என்று சொல்லிக்கொண்டு மரத்தடியில் நின்றால் பயன் இல்லை. நாளும் களத்தில் இறங்கி, நேற்றைய தன் அளவோடு இன்றைய அளவை ஒப்பிட்டுப் பார்ப்பவர், எந்த வேகத்தில் ஓடினாலும் வீரரே.

செய்து பாருங்கள்

1. காலையில் எழுந்தவுடன் மணிக்கட்டில் நாடியை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். இது உங்கள் ஓய்வு நேர நாடித்துடிப்பு.

2. வாரத்தில் நான்கு நாள், 20 நிமிடம், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற அளவு வேகத்தில் ஓடுங்கள். இடையில் நடந்தாலும் குறையில்லை.

3. ஓடி முடித்தவுடனும், ஒரு நிமிடம் கழித்தும் நாடியை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.

எட்டு வாரக் குறிப்புகளை வரைபடத் தாளில் வரையுங்கள். அந்த ஒரு நிமிடத்தில் நாடி இறங்கும் அளவு வாரந்தோறும் எப்படி மாறுகிறது என்று பாருங்கள். நண்பரின் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டாம். ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.