காரணம் விளங்காத நோய்க்குறிகளும் தக்க மருத்துவரைத் தேர்தலும்

நோய் எந்த உறுப்பில் உணரப்படுகிறதோ, அதன் காரணமும் அந்த உறுப்பிலேயே இருக்கும் என்று கருதுவது மக்களின் இயல்பு. முழங்கால் வலித்தால் எலும்பு மருத்துவரையும், கண் மங்கினால் கண் மருத்துவரையும் நாடுகின்றனர். பெரும்பாலும் இக்கருத்து பொய்ப்பதில்லை. பொய்க்கும் இடங்களிலோ மாதக்கணக்கான காலமும், எளிய குடும்பத்தின் கைப்பொருளும், சில வேளைகளில் நோயாளியின் உயிருமே வீணாகின்றன.

இருதயத்திலிருந்து புறப்படும் உணர்ச்சி நரம்புகளும், இடது கையின் உட்புறத்திலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தை ஏறத்தாழ ஒரே மட்டத்தில் சென்றடைகின்றன. ஆகவே இருதயத்தில் தோன்றும் வேதனையை மூளை கையில் தோன்றுவதாகவே உணர்கிறது. இவ்வேதனை தாடையிலும் மேல்வயிற்றிலும் உணரப்படுவதுண்டு. பல்வலி என்றும், வாயு என்றும் எண்ணிக் கிடந்து காலந்தாழ்த்துவோர் பலர். இதேபோல், இடுப்பு மூட்டுக்கும் முழங்காலுக்கும் ஒரே நரம்பின் கிளைகள் செல்வதால், இடுப்பு மூட்டு நோயுற்ற சிறுவன் முழங்காலையே சுட்டிக் காட்டுவான். முழங்காலை எத்தனை முறை எக்ஸ்-ரே எடுத்தாலும் அதில் குற்றம் காண இயலாது.

ஒரே நோய் பல உறுப்புகளில் பலவாறாக வெளிப்படுவது இரண்டாவது இடர்ப்பாடு. நீரிழிவை இதற்குச் சான்றாகக் கொள்ளலாம். அடிக்கடி கட்டிகள் தோன்றுவதால் தோல் மருத்துவரிடமும், பார்வை மங்குவதால் கண் மருத்துவரிடமும், பாதம் மரத்துப் போவதால் நரம்பு மருத்துவரிடமும் ஒருவரே தனித்தனியே செல்லக்கூடும். ஒவ்வொருவரும் தத்தம் துறைக்கு உரியதை மட்டும் நோக்கினால், சர்க்கரை அளவைக் காட்டும் எளிய ரத்தப் பரிசோதனை ஒருவராலும் செய்யப்படாமலே போகலாம். தைராய்டுச் சுரப்புக் குறைவால் ஏற்படும் சோர்வு, மலச்சிக்கல், முடியுதிர்வு, மனத்தளர்ச்சி ஆகியவையும் இத்தகையனவே.

பள்ளி ஆசிரியர்கள் சிறப்பாக அறிந்திருக்க வேண்டியது கீல்வாதக் காய்ச்சல். 5 முதல் 15 வயது வரையுள்ள குழந்தைகளை இது மிகுதியும் பற்றுகிறது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் தொண்டைப் புண் கண்டு, இரண்டு மூன்று வாரங்கள் கழிந்தபின், காய்ச்சலுடன் முழங்கால், கணுக்கால் முதலிய பெரிய மூட்டுகள் வீங்கி வலிக்கும். ஒரு மூட்டில் வலி தணிய, மற்றொன்றில் அது தொடங்கும். வளரும் வயதில் வரும் வலி என்று இதனை ஒதுக்கிவிடுவது பெருந்தவறு. வளர்ச்சியினால் மூட்டு வீங்குவதில்லை. சில வாரங்களில் வீக்கம் தானே வடிந்துவிடுவதால் வியாதி தீர்ந்தது எனக் குடும்பத்தார் மகிழ்கின்றனர். அதற்குள் இருதய வால்வுகள் பழுதுற்றிருக்கலாம். எனவே இக்குழந்தைக்கு மூட்டு மருத்துவரைவிடக் குழந்தை மருத்துவரே உரியவர். அவர் இருதயப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வார். நோய் உறுதிப்பட்டால், மீண்டும் தாக்காதிருக்க மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பல ஆண்டுகள் தொடர்ந்து தரப்படும்.

வகுப்பில் சில விநாடிகள் வெறித்து நோக்கி, அழைத்தால் விடையளிக்காது, பின் ஒன்றும் நிகழாததுபோல் எழுதத் தொடங்கும் குழந்தையையும் கவனித்தல் வேண்டும். இது கால்-கை வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம். தண்டனையால் இது மாறாது.

அவ்வாறாயின் முதலில் யாரிடம் செல்வது? காரணம் விளங்காதபோது, உடல் முழுவதையும் ஒருசேர நோக்கும் பொது மருத்துவரே முதல்வர். ஆரம்ப சுகாதார நிலையத்து மருத்துவர் இப்பணிக்குப் போதியவர். எத்துறை நிபுணர் தேவை என்பதை அவர் தீர்மானித்து, சீட்டுடன் மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்புவார். 2019-இல் தொடங்கப்பெற்ற இ-சஞ்சீவனி வாயிலாகத் தொலைவிலுள்ள மருத்துவருடன் கலந்து பேசவும் இயலும். உணர்ச்சியற்ற வெளிர்ந்த தோல் படையும், இரு வாரங்களுக்கு மேற்பட்ட இருமலும் இத்தேடலுக்கு உட்பட்டவை அல்ல. தொழுநோய்க்கும் காசநோய்க்கும் அரசாங்க நிலையங்களில் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாகவே கிடைக்கின்றன. திடீரென முகம் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை தோன்றினால் நிபுணரைத் தேடும் அவகாசமே இல்லை. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டியிருப்பதால், மூளையை ஸ்கேன் எடுக்கும் வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்.

மருத்துவரிடம் அனுப்புகையில் களப்பணியாளர் அரைப்பக்கக் குறிப்பு ஒன்று எழுதிக் கொடுத்தல் பெரிதும் உதவும். முதலில் தோன்றிய குறி எது, எந்நாளில் தோன்றியது, எப்பொழுது மிகுகிறது, எடை குறைந்துள்ளதா, முன்னர் உட்கொண்ட மருந்துகள் யாவை என்பன அதில் இடம்பெறலாம். நோயின் பெயரை ஊகித்து எழுத வேண்டியதில்லை. மருந்தின் பெயர் தெரியாவிடில், மாத்திரையின் காலி உறையையே குறிப்புடன் சேர்த்து அனுப்பலாம்.