நமக்கப்புறம் இவனை யார் பார்த்துப்பா?

மத்திய அரசு வேலைக்குத் தில்லி வந்து, ஜனக்புரி டி.டி.ஏ. (தில்லி வளர்ச்சி ஆணைய) வீட்டிலேயே தங்கிவிட்ட தமிழ்ப் பெற்றோர் உண்டு. வீட்டில் ஆட்டிசமோ அறிவுத்திறன் குறைபாடோ உள்ள பிள்ளை இருந்தால், அறுபதைத் தாண்டியதும் தலைப்பில் உள்ள கவலைதான் தூக்கத்தைக் கெடுக்கும். ஆளைப் பார்த்துக்கொள்வது ஒரு பொறுப்பு. பணத்தைப் பார்த்துக்கொள்வது வேறொரு பொறுப்பு. இரண்டையும் ஒருவர் தலையிலேயே கட்டாதீர்கள்.

பலர் எடுக்கும் முடிவு, "எல்லாத்தையும் பெரியவன் பேருக்கு எழுதிட்டேன், தம்பியை அவன் பாத்துப்பான்" என்பது. பாசத்தில் குறையில்லை. ஆனால் எழுதிக்கொடுத்த நாளிலிருந்து சொத்து அவனுடையது. அவனுக்குக் கடன் வந்தாலோ, அவனே முந்திக்கொண்டாலோ, தம்பி உரிமை கேட்க எதுவும் மிஞ்சாது. அண்ணன் ஆளைப் பார்க்கட்டும்; பணம் தனியாக இருக்கட்டும்.

அதற்கு வழி, 1882-ஆம் ஆண்டு இந்திய அறக்கட்டளைகள் சட்டப்படி பிள்ளையின் பேரில் ஒரு தனியார் டிரஸ்ட். உயிரோடு இருக்கும்வரை நீங்களே டிரஸ்டிகள். பிறகு வருபவர்களில் ஒருவராவது குடும்பத்துக்கு வெளியே உள்ளவராக இருந்தால் நல்லது. வீடு டிரஸ்டுக்குப் போகும்படி உயில் எழுதலாம். ஆண்டுதோறும் கணக்கு, வருமான வரி என்று செலவு உண்டு. சேமிப்பு சிறியதென்றால் தெளிவான உயிலே போதும்.

ஆளைப் பார்த்துக்கொள்ள, அண்ணனைத் தவிர தங்கும் இல்லம் இன்னொரு வழி. மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் கரௌந்தா திட்டம் வயது வந்தவர்களின் குழு இல்லங்களுக்காகத் தொடங்கப்பட்டது. ஆனால் ரோகிணியில் உள்ள தில்லி அரசின் ஆஷா கிரண் இல்லத்தில் 2024 ஜூலையில் மட்டும் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே இல்லத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாமல், இரவில் எத்தனை பேருக்கு ஒரு பணியாளர் என்று கேளுங்கள். நீங்கள் இருக்கும்போதே பிள்ளையைச் சில நாள் அங்கே தங்கவிட்டுப் பாருங்கள். தமிழ் மட்டுமே புரியும் பிள்ளை இந்தி பேசும் பணியாளரிடம் தண்ணீர் எப்படிக் கேட்பான்? தயிர்சாதத்தைப் பிசைந்து கையில் உருட்டிக் கொடுத்தால்தான் சாப்பிடுவான், குக்கர் விசிலுக்குக் காதைப் பொத்திக்கொள்வான் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் இந்தியிலும் எழுதிவையுங்கள். இல்லமோ அண்ணனோ, யாரானாலும் இந்த நோட்டு வேண்டும்.

எந்த வழியானாலும் சட்டப்படியான காப்பாளர் தேவை. 18 வயது முடிந்ததும் பெற்றோரின் காப்பாளர் உரிமை தானாக முடிந்துவிடுகிறது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகியவை உள்ளவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு காப்பாளரை நியமிக்கும். அவர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஆண்டுதோறும் கணக்கும் தர வேண்டும். கவனிக்காமல் விட்டால் அவரை நீக்கவும் சட்டத்தில் இடமுண்டு.

மத்திய அரசு ஓய்வூதியர்களானால் இன்னொன்றையும் தள்ளிப்போடாதீர்கள்: சொந்தமாகச் சம்பாதிக்க முடியாத ஊனமுற்ற பிள்ளைக்குப் பெற்றோர் காலத்துக்குப் பின் வாழ்நாள் முழுவதும் குடும்ப ஓய்வூதியம் கிடைக்கும். ஊனச் சான்றிதழோடு போய், பிள்ளையின் பெயரை ஓய்வூதிய ஆணையில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.