கடன் கொப்பியும் வாரச் சாமானும்

இந்த இதழில் நாம் படிக்கப் போவது ஒரு சின்னக் கணக்குப் பாடம். ஒரு பென்சிலும், பிள்ளைகள் எழுதி மிச்சம் வைத்த பழைய கொப்பி ஒன்றும் இருந்தால் போதும்.

பிள்ளை ஒன்றையாவது கொழும்புக்கு வேலைக்கு அனுப்பாத வீடு நமது லயங்களில் குறைவு. வெள்ளவத்தைக் கடைகளில் நிற்கிறார்கள், கொட்டாஞ்சேனையில் நிற்கிறார்கள், ஹெவ்லொக் டவுனில் வீட்டு வேலைக்கும் காவல் வேலைக்கும் போகிறார்கள். ஹெவ்லொக் டவுன் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருக்கும் நமது பொடியன்கள் சாப்பாட்டுக்கு என்ன செய்கிறார்கள் என்று விசாரித்துப் பார்த்தோம். இரண்டு விதமாகச் செய்கிறார்கள்.

சிலருக்கு எல்லா வேளையும் கடைச் சோற்றுப் பார்சல்தான். ஒரு பார்சல் 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 800 ரூபாய், 30 நாளைக்கு 24,000 ரூபாய். காலைச் சாப்பாடும் டீயும் இதில் சேரவில்லை. அறை வாடகையும் கொடுத்த பிறகு, ஊரில் அம்மாவுக்கு அனுப்ப என்ன இருக்கும்? "பையன் கொழும்பில் நல்லாத்தான் சம்பாதிக்கிறான், ஆனால் காசு வரவில்லை" என்று குறைப்படும் தாய்மார் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

மற்றவர்கள் நாலு பேராகச் சேர்ந்து அறையிலேயே சமைக்கிறார்கள். லீவு நாளில் வாரத்துக்கு ஒரு தடவை சாமான் வாங்குகிறார்கள். மரக்கறிக்கு வெள்ளவத்தைச் சந்தை அல்லது கிருலப்பனைச் சந்தை. பருப்பு, வெங்காயம், செத்தல் மிளகாய், கருவாடு எல்லாம் மாதத்துக்கு ஒரு முறை இருவர் புறக்கோட்டைக்குப் போய், மொத்த வியாபாரம் நடக்கும் தெருக்களில் பார்த்து வாங்கி வருகிறார்கள். பஸ் காசையும் கூட்டிப் பார்த்து, லாபம் இருந்தால்தான் அந்தப் பயணம். இது நமக்கு மிகவும் பிடித்தது. மலிவு என்று கேள்விப்பட்டதும் நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க இருநூறு ரூபாய் பஸ்ஸுக்குக் கொடுக்கிற ஆட்களும் நம்மிடையே உண்டே!

அதே பொடியன்கள் ஊருக்கு வரும்போது பருப்பும் நெத்தலியும் கொண்டு வருகிறார்கள். திரும்பும்போது இங்கே விளைந்த கரட், லீக்ஸ், கோவா பையில் போகிறது. நுவரெலியா மரக்கறி கொழும்பு போய்ச் சேருவதற்குள் லொறிக் கூலியும் தரகும் சேர்ந்து விலை ஏறிவிடுகிறது அல்லவா?

சரி, அவர்களால் முடிகிற காரியம் லயத்தில் இருக்கிற நம்மால் ஏன் முடியவில்லை? கடை தூரம் என்று சொல்வோம், சம்பளம் போதாது என்று சொல்வோம். இரண்டும் உண்மைதான். ஆனால் பெரிய வித்தியாசம் வேறு. அவர்கள் காசு கொடுத்து வாங்குகிறார்கள். நாம் கொப்பியில் எழுதி வாங்குகிறோம்.

"முதலாளி, சம்பளத்துக்குத் தாறேன், எழுதிக்குங்க" என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு விலை கேட்க வாய் வராது. தராசைப் பார்க்கவும் கூச்சம். பக்கத்துக் கடையில் பத்து ரூபாய் குறைவு என்று தெரிந்தாலும் அங்கே போக முடியாது, பழைய பாக்கி காலைக் கட்டிப் போட்டிருக்கும். கடைக்காரரையும் முழுக்கக் குறை சொல்லக் கூடாது. மழையிலும் வரட்சியிலும் பேர் விழாத நாட்களில் கடனுக்கு அரிசி கொடுத்தது அவர்தான். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அதாவது முதல் வருஷம் 100 ரூபாய்க்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்குக் கிட்டத்தட்ட 195 ரூபாய். அந்த நாளில் கடன் கொப்பி இல்லாவிட்டால் பல அடுப்புகள் எரிந்திருக்காது. ஆனால் ஆபத்துக்குப் பிடித்த கயிற்றை ஆயுள் முழுக்கக் கழுத்தில் சுற்றிக்கொண்டு இருக்கலாமா?

ஒரே மாதத்தில் முழுக் கடனையும் அடையுங்கள் என்று நாம் சொல்ல மாட்டோம். அது நடக்காத காரியம். ஒரே ஒரு சாமானை மட்டும் கொப்பியிலிருந்து வெளியே எடுங்கள். இந்த மாதம் பருப்பு. அட்வான்ஸ் கிடைத்த அன்றே மாதத்துக்கு வேண்டிய பருப்பைக் காசு கொடுத்து மொத்தமாக வாங்கி, மூடியுள்ள டின்னில் போட்டு வையுங்கள். பழைய பாக்கியில் இவ்வளவு என்று கடைக்காரரிடம் பேசி, மாதா மாதம் கட்டுங்கள். அடுத்த மாதம் சீனி, அதற்கடுத்த மாதம் மா. கடைசியில்தான் அரிசி, ஏனென்றால் அதுதான் பெரிய தொகை.

இதில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். கணக்கு விளங்குவதற்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம். பருப்பு கிலோ 320 ரூபாய், 100 கிராம் 38 ரூபாய். தினமும் 100 கிராம் வாங்கும் வீடு மாதத்தில் 3 கிலோ வாங்குகிறது. 38 ரூபாய்ப்படி 30 நாளைக்கு 1,140 ரூபாய். கிலோவாக வாங்கினால் 960 ரூபாய். வித்தியாசம் 180 ரூபாய், பருப்பில் மட்டும். சீனி, பால்மா, தேங்காய் எண்ணெய், சவர்க்காரம் எல்லாவற்றிலும் இதே கதைதான். சின்னப் பக்கெட்டில் வருகிற சாமானுக்கு ஒரு கிலோ என்ன விலை விழுகிறது என்று பிள்ளையிடம் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நல்ல பயிற்சி!

தனி வீடாக மொத்தமாக வாங்க முடியாதவர்கள் ஒரே லயத்தில் ஐந்து வீடாகச் சேரலாம். இது புது யோசனை இல்லை. 1844இல் இங்கிலாந்தின் ரொச்டேல் என்ற ஊரில் 28 தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் பணம் சேர்த்து ஒரு கடை திறந்தார்கள். நெசவு வேலை செய்தவர்கள் அதில் பலர். மா, சீனி, வெண்ணெய், ஓட்ஸ் மா என்று சில சாமான்தான் இருந்தது. கலப்படம் இல்லை, நிறை சரி, ஆனால் கடன் கிடையாது. மிஞ்சிய லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நம் நாட்டிலும் யுத்தகாலப் பங்கீட்டின்போது, 1942க்குப் பிறகு, கூட்டுறவுக் கடைகள் ஊருக்கு ஊர் பெருகின. ஐந்து வீடு சேரும்போது காசை ஒருவர் வைத்திருக்க வேண்டும், கணக்கை வேறொருவர் எழுத வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுத்தால் சாமானோடு சண்டையும் வீட்டுக்கு வரும்.

காசு கொடுத்து வாங்குகிறவருக்குச் சட்டமும் துணை நிற்கிறது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி கடையில் விலைப்பட்டியல் தெரியும்படி இருக்க வேண்டும். கேட்டால் பில் தர வேண்டும். பக்கெட்டில் அச்சிட்ட ஆகக்கூடிய சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது. முறைப்பாடு சொல்ல 1977 என்ற இலக்கத்துக்குப் போன் பண்ணலாம்.

எதில் மிச்சம் பிடித்தாலும் பிள்ளையின் தட்டில் கை வைக்காதீர்கள். காசு இல்லையென்றால் நம் வீடுகளில் முதலில் நிற்பது பருப்பும் முட்டையும். பிறகு ரொட்டியும் சம்பலும் மட்டும்தான். ஆனால் பிஸ்கட்டும் நூடில்ஸும் நிற்பதில்லை. 100 கிராம் பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் இருக்கிறது. நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். கர்ப்பிணித் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷா இலவசம். கூச்சப்படாமல் மிட்வைஃப் அம்மாவிடம் கேளுங்கள், அதை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போடாமல் உரியவருக்கே கொடுங்கள்.

இன்னொன்று. சோற்றோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சரியாகச் சேராது. தேயிலை பறிக்கிற நம்மிடமே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

அடுத்த சம்பளத்துக்குப் பிறகு பிள்ளைக் காம்பராவில் நடக்கும் தாய்மார் கூட்டத்துக்கு வரும்போது உங்கள் கடைக் கொப்பியையும் எடுத்து வாருங்கள். எழுத்துத் தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம், நாங்கள் பக்கத்தில் இருந்து கூட்டிப் பார்த்துச் சொல்கிறோம். எந்தச் சாமானை முதலில் வெளியே எடுப்பது என்பதை அன்றைக்கே பேசி முடிவு செய்யலாம்.