உதவித் தொகையும் தவணை நாளும்

அரசினர் அளிக்கும் உதவித் தொகைகளைப் பற்றிப் பேசும்பொழுது, "எவ்வளவு?" என்றே நாம் முதலிற் கேட்கின்றோம். "எப்பொழுது?" என்னும் வினா அதற்குச் சிறிதும் குறைந்ததன்று. விதைப்புக் கழிந்த பின் வரும் பணம் விதைக்கு உதவாது. ஆதலின், தவணை நாள் மாறுவதால் குடும்பக் கணக்கிலும் சங்கக் கணக்கிலும் விளையும் மாறுதல்களை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம்.

மாதத் தவணை

நம் மாநிலத்தில் முதியோர் உதவித் தொகை 1962-ஆம் ஆண்டில் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிற்று. நெடுங்காலம் அது மணியார்டர் வழியே வீடு தேடி வந்தது. பின்னர் வங்கிக் கணக்கிற்கு மாறிற்று. 2023-இல் அது 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. நெசவுக்குப் பெயர் பெற்ற காஞ்சிபுரத்தில் 2023 செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கப்பெற்ற மகளிர் உரிமைத் தொகையும் மாதம் 1,000 ரூபாய் என்னும் மாதத் தவணையையே கொண்டது. மாதந்தோறும் வரும் தொகை சிறிதாயினும் அரிசிக்கும் மருந்துக்கும் எண்ணி வைக்கத் தக்கது.

நான்கு மாதத் தவணை

உழவர்களுக்கான பிரதம மந்திரி கிசான் திட்டம் வேறு வகையினது. ஆண்டிற்கு 6,000 ரூபாய், 2,000 ரூபாய் வீதம் மூன்று தவணைகளாக வழங்கப்பெறுகின்றது. ஏப்ரல் முதல் ஜூலை, ஆகஸ்டு முதல் நவம்பர், டிசம்பர் முதல் மார்ச்சு என்பன அதன் மூன்று காலப் பகுதிகள். இங்கே அங்கத்தினர் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காலப் பகுதி வேறு; பணம் வழங்கும் நாள் வேறு. காலப் பகுதி திட்டத்தில் வரையறுக்கப்பட்டது. நாளோ ஒவ்வொரு முறையும் அரசினரால் அறிவிக்கப்படுவது.

நடந்தவற்றைப் பார்ப்போம். 2020-இல் கொரோனா நோய்க் காலத்தில், ஏப்ரல் தவணை அம்மாதத் தொடக்கத்திலேயே முற்படுத்தி வழங்கப்பட்டது. பின்னர் 2024-இல் ஜூன் 18, அக்டோபர் 5 ஆகிய நாட்களிலும், 2025-இல் பிப்ரவரி 24, ஆகஸ்டு 2, நவம்பர் 19 ஆகிய நாட்களிலும் தவணைகள் வெளியாயின. கடைசியாகக் கூறியது கோயமுத்தூரில் வழங்கப்பெற்றது. இவற்றின் இடைவெளிகளைக் கணக்கிட்டால் முறையே 109, 142, 159, 109 நாட்கள் ஆகின்றன. ஆண்டுத் தொகையில் ஒரு ரூபாயும் மாறவில்லை. ஆயினும் ஓர் இடைவெளிக்கும் மற்றோர் இடைவெளிக்கும் ஐம்பது நாள் வேற்றுமை உண்டாயிற்று.

வட்டிக் கணக்கு

இதனால் வரும் நஷ்டத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். 2025 பிப்ரவரி 24-இல் ஒருவர், "அடுத்த தவணையில் தீர்த்துவிடலாம்" என்று வெளியாரிடம் நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டியில் 2,000 ரூபாய் வாங்கினார் என்று கொள்வோம். நான்கு மாதத்திற்கு வட்டி 240 ரூபாய். தவணையோ ஐந்து மாதமும் ஒன்பது நாளும் கழித்து வந்தது. அதுவரை வட்டி 318 ரூபாய். ஆக, அரசினர் 2,000 ரூபாய் கொடுத்தும் அவருக்குக் கிட்டிய பயன் 1,682 ரூபாயே.

சங்கக் கடனில் இதனினும் பெரிய இழப்பு நேரக்கூடும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடனைக் கெடு நாளுக்குள் செலுத்துவோர்க்கு வட்டி இல்லை. கெடு தவறினாலோ அச்சலுகை போய்விடும். உதவித் தொகையின் நாள் தள்ளிப்போகலாம். சங்கத்தின் கெடு நாள் அதற்காகக் காத்திராது.

செய்ய வேண்டியவை

1. வராத தவணையை நம்பிக் கடன் வாங்கலாகாது. பணம் கணக்கில் ஏறிய பின்னரே செலவைத் திட்டமிடுக.

2. பயிர்க்கடனைத் தீர்ப்பதற்கு விளைச்சற் பணத்தையே ஒதுக்குக. உதவித் தொகையை அடுத்த பருவத்து விதைக்கும் உரத்திற்கும் சேமிப்பில் இடுக.

3. நெசவாளர் குடும்பங்களில் கூலி, துணி ஒப்படைக்கும் நாளைப் பொறுத்து வருவது. ஆகவே மாத உதவித் தொகையை அன்றாடச் செலவிற்கு வைத்துக்கொண்டு, கூலியிற் பிடிக்கப்படும் சேமிப்பைத் தொடாமற் காப்பது நன்று.

4. ஆதார் வழியே அனுப்பப்படும் பணம், ஆதாருடன் கடைசியாக இணைத்த வங்கிக் கணக்கிற்கே செல்லும். புதுக் கணக்குத் தொடங்கியோர், "பணம் வரவில்லை" என்று அலையுமுன் அக்கணக்கின் புத்தகத்தைப் பதிந்து பார்த்தல் வேண்டும்.

5. சங்கக் காரியதரிசிகள் தவணை வெளியான நாளை அறிவிப்புப் பலகையில் உடனே எழுதுக. அடுத்த தவணைக்கு நாள் குறிப்பிட்டு எவருக்கும் உறுதி கூறற்க.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

அ. சென்ற ஓராண்டில் உங்கள் இல்லத்திற்கு உதவித் தொகை வந்த நாட்களைப் பட்டியலிட முடியுமா?

ஆ. அந்நாட்களுக்கு இடையில் வெளியே வாங்கிய கடன் எவ்வளவு? கொடுத்த வட்டி எவ்வளவு?

இ. அவ்வட்டியைச் சங்கத்திற் சேமிப்பாக இட்டிருந்தால் இன்று என்ன ஆகியிருக்கும்?

இவ்வினாக்களை அடுத்த அங்கத்தினர் கூட்டத்தில் எடுத்துப் பேசுக. உதவி அரசினருடையது, அதன் முழுப் பயனைப் பெறுவது நம் கணக்கின் ஒழுங்கைப் பொறுத்தது.