எலிக்குஞ்சுக்குக் குரல் எப்போது வரும்?

கேள்வி: பெருவளை வாய்க்கால் பக்கம் எங்கள் வயலில் வரப்பு வெட்டியபோது வளைக்குள் எலிக்குஞ்சுகள் கிடந்தன. கண்கூடத் திறக்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினவே தவிர, சத்தம் வரவில்லை. அவற்றுக்கு எப்போது குரல் வரும்?
– வாசகி ஒருவர், சமயபுரம்

பதில்: நீங்கள் பார்த்தபோதே அவை கத்திக்கொண்டிருந்திருக்கும். நம் காதுக்கு எட்டுவது 20 கிலோஹெர்ட்ஸ் வரைதான். எலிக்குஞ்சின் கத்தலோ 40 கிலோஹெர்ட்ஸ் அளவில் ஒலிக்கும் மீயொலி. சுண்டெலிக் குஞ்சுகளின் இந்த ஒலியை 1956-லேயே சிப்பெலியஸ், ஷ்லைட் என்ற இரு ஆய்வாளர்கள் பதிவு செய்துவிட்டார்கள்.

பிறந்த குஞ்சுக்குக் கண் தெரியாது, காது கேட்காது. ஆனால் மூக்கு வேலை செய்யும். எப்போது கத்துவது, எப்போது அடங்குவது என்பதில் அந்த மூக்குக்குப் பெரிய பங்கு உண்டு. கூட்டைவிட்டு விலகி உடம்பு குளிர்ந்தால் குஞ்சு கத்தும். தாயின் வாடையோ கூட்டின் வாடையோ பட்டால் கத்தல் தணியும். இரண்டு வாரக் குஞ்சின் பக்கத்தில் முன்பின் அறியாத ஆண் எலியின் வாடை வந்தால், வாயடைத்து அசையாமல் கிடக்கும். அந்நிய ஆண் எலிகள் குஞ்சுகளைக் கொன்றுவிடுவதுண்டு. அந்த நேரத்தில் கத்துவது எமனைக் கூப்பிடுவதற்குச் சமம்.

இந்த மணப்பாடம் கருவிலேயே தொடங்கிவிடுகிறது. ஈன்ற தாய் தன் உடம்பை நக்கும்போது பனிக்குட நீர் காம்பில் படியும். அந்த மணத்தை வைத்துத்தான் குஞ்சு முதல்முறை பால் குடிக்கிறது. காம்பைக் கழுவிவிட்டால் பற்றாது. 1982-ல் பெடர்சன், பிளாஸ் என்ற ஆய்வாளர்கள் பனிக்குட நீரில் எலுமிச்சை மணமுள்ள சிட்ராலைச் செலுத்தி, பிறந்த பிறகும் அதையே முகரவிட்டார்கள். கழுவிய காம்பில் சிட்ராலைத் தடவியதும் அந்தக் குஞ்சுகள் பற்றிக்கொண்டன.

தாய்க்கும் அப்படித்தான். குஞ்சின் வாடை பட்டதும் தாய்ச் சுண்டெலியின் மூளை குஞ்சின் குரலைக் கேட்கும் விதமே மாறுகிறது என்று 2011-ல் ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

உங்களுக்குப் பக்கத்திலேயே, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அர்ச்சுனன் குழுவினர் எலிகள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லப் பயன்படுத்தும் மணப்பொருள்களான ஃபெரோமோன்களைப் பல்லாண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். விவசாயிக்கு இது மிகவும் வேண்டிய அறிவு. வயலில் விஷம் வைத்தால் எலியோடு போகாது. விஷம் தின்ற எலியைத் தின்னும் கூகையும் சாகக்கூடும். எலியை எந்த மணம் இழுக்கும், எது விரட்டும் என்பது சரியாகப் பிடிபட்டால், நெல்லையும் காக்கலாம், இரவெல்லாம் நமக்காக எலி பிடிக்கும் கூகையையும் காக்கலாம்.